முட்டியில் நிற்காத உறை

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு நான் பெற்றவை. ஐந்தாவது என் நாத்தனார் விட்டுப்போன பெண். யாரும் கேட்காமலே இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் முட்டியில் அடிபட்ட நாள் முதல் ஆஸ்பத்திரியிலும் சரி, மருந்துக் கடையிலும் சரி, என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் பால்வாடிப் பிள்ளையிடம் பேசுவது போலப் பேசுகிறார்கள். ஐந்து பேருக்குச் சோறு பிசைந்து போட்ட கை இது. அது அவர்களுக்குத் தெரியவேண்டாமா?

எழுதப் படிக்க எனக்கு அவ்வளவாக வராது. என் பெயரைப் போடுவேன். பஸ் நம்பர் படிப்பேன். கடைப் பலகையில் தமிழ் இருந்தால் எழுத்துக் கூட்டுவேன். கூட்டி முடிப்பதற்குள் கடையைத் தாண்டிப் போயிருப்பேன். ஆகவே நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கணினியில் தட்டுகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக்கிப் போட அவளுக்குத் தெரியும். ஆனால் வாய்விட்டுப் பேசியதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள முதியோர் நிலையத்தில் புத்தகம் ஒன்று போடப்போகிறார்களாம். ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கம்பம் என்று சொன்ன அந்தக் காலத்துக் கிராமத்து வீட்டைப் பற்றியும் பழைய சந்தையைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு என் முட்டியைப் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது. பழையதெல்லாம் எனக்குப் புரிந்துபோனது. முட்டிதான் இன்னும் புரியவில்லை.

ஈசூனில் நான்காம் மாடியில் என் வீடு. என் வீட்டுக்காரர் போன பிறகு, கடைசிப் பிள்ளையும் கல்யாணமாகிப் போன பிறகு, நான் மட்டும்தான். தீபாவளிக்கு முறுக்கு சுடுவதற்காக அலமாரிக்கு மேலே இருந்த பெரிய சட்டியை எடுக்க முக்காலியில் ஏறினேன். எடுத்தும் விட்டேன். இறங்கும்போதுதான், இன்னும் ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தேன். படி இல்லை. முக்காலிக்கு ஏது படி? சட்டி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் இடது முட்டி மட்டும் உள்ளே என்னவோ பிசகி, சாயங்காலத்துக்குள் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

எலும்பு உடையவில்லை என்றார் டாக்டர். முட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நார் இழுபட்டிருக்கிறது, வீக்கம் வடியட்டும், பிறகு நடக்கும்போது முட்டிக்கு ஒரு உறை போட்டுக்கொள்ளுங்கள், கடையில் கிடைக்கும் என்றார். பயிற்சி சொல்லித் தருகிறவரைப் பார்க்கத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதி வெகுதூரத்தில் இருந்தது.

பொங்கோலில் இருக்கும் என் மூத்த மகள் அன்று என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"நான் சண்டை போட வரலம்மா. பொங்கல் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள நீங்க தனியா கீழ இறங்கி, தேக்கா சந்தைக்குப் போய், சாமான் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துட்டீங்கன்னா நான் வாயே திறக்க மாட்டேன். முடியலன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்க கூட வந்துருங்க. ரூம் ரெடியா இருக்கு."

"ரூமுக்குப் பெயிண்டு அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு."

"யாரைக் கேட்டு?"

"செவுத்தைக் கேட்டுதான் லா."

அவள் என் மகள்தான், சந்தேகமில்லை.

மகள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். மருமகன் நல்லவர். ஆனால் இன்னொருவர் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கும்போது ஒரு தரம் திரும்பிப் பார்க்கத் தோன்றும். என் வீட்டில் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்காகத்தான் அந்த முட்டி உறையை ஒழுங்காக வாங்கிவிட வேண்டும் என்று நின்றேன்.

வீக்கம் வடிந்ததும் ஒரு மாலையில் குளித்துவிட்டு மகளோடு மருந்துக் கடைக்குப் போனேன். கால் கை உறைகளுக்கு என்றே ஒரு சுவர் வைத்திருக்கிறார்கள். பெட்டி பெட்டியாக. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வெள்ளைக்காரன் கால் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ஓடப்போவதில்லை, மீன் வாங்கப் போகிறேன். ஒன்று சும்மா காலுறையை வெட்டியது மாதிரி இருக்கிறது. இன்னொன்றில் முட்டிச் சில்லுக்கு நேராக ஓட்டை. இன்னொன்றில் ஒட்டிப் பிரிக்கிற பட்டைகள். சிலது இடது காலுக்கு, சிலது எந்தக் காலுக்கும். ஒன்று தோல் நிறம் என்று போட்டிருப்பதாக மகள் படித்துச் சொன்னாள். யார் தோல் என்று கேட்டேன். என் தோல் இல்லை அது.

"ஓட்டை வெச்சது எதுக்கு?"

"முட்டிச் சில்லு நகராம இருக்கவாம்."

"ஓட்டை இல்லாதது?"

"அதுவும் முட்டிக்குத்தான்."

"அப்ப ஓட்டை இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா?"

மகள் கடைப் பெண்ணைக் கேட்டாள். கடைப் பெண் சீனப் பெண், பொறுமைசாலி. இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னாள். மகள் அதையெல்லாம் கேட்டுவிட்டு என்னிடம், "அது ஆளைப் பொறுத்தும்மா," என்றாள். அத்தனை நீளப் பேச்சுக்கு இவ்வளவுதான் தமிழா என்று எனக்குச் சந்தேகம்.

கடைசியில் அந்தப் பெண் டேப்பை எடுத்து என் தொடையையும் முட்டியையும் அளந்தாள். சாதா காலுறை மாதிரி இருந்ததையே கொடுத்தாள். திரை மறைவில் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாகப் பிடித்தது. கடைக்குள்ளேயே நடந்தேன். மகள் என் நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூமுக்கு அடித்த பெயிண்டு வீணாகப் போகிறது என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் காலை எழுந்தேன். எப்போதும் போல முகம் கழுவி, விளக்கேற்றி, கை காலுக்குத் தைலம் தேய்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, உறையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மின்தூக்கி வருவதற்குள் அது முட்டியை விட்டு இறங்கத் தொடங்கியது. கீழே கோப்பிக்கடைக்குப் போவதற்குள் கொலுசு மாதிரி கணுக்காலில் வந்து உட்கார்ந்துகொண்டது. சேலைக்குள் கையை விட்டு இழுக்கவா முடியும்? ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்து வீட்டுக்குத் திரும்பினேன்.

இரவு குளித்துவிட்டு, நம்பிக்கை போகாமல் மறுபடி மாட்டிப் பார்த்தேன். நின்றது. காலையில் மாட்டினால் இறங்கியது. ராத்திரி நிற்கிறது, பகலில் நிற்கவில்லை. கடையில் நிற்கிறது, வெளியே நிற்கவில்லை. ஒருவேளை நடக்காதபோது மட்டும் நிற்கிற சாமான்தானோ இது என்றுகூட நினைத்தேன். பகலில் என் கால் மெலிந்துவிடுகிறதா? யாரிடம் கேட்பது?

மகளிடம் சொன்னேன். "சைஸ் பெருசு," என்று சொல்லி, பட்டை வைத்த ஒன்றைக் கொஞ்சம் சின்ன அளவில் வாங்கி வந்தாள். பட்டையை இழுத்து ஒட்டினால், இறங்கும்போது பட்டையும் சேர்ந்து இறங்கியது. கிளமெண்டியில் இருக்கும் என் மகனுக்குச் செய்தி போயிருக்கிறது. அவன் ஃபோனிலேயே தேடி ஒன்றை வாங்கி வீட்டு வாசலுக்கே அனுப்பிவிட்டான். அதில் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை. அதைப் போட்டால் அது என் கால் இல்லை, மடக்கு நாற்காலியின் கால். அதுவும் இறங்கியது, கனம் அதிகம் என்பதால் மற்ற இரண்டையும் விட வேகமாக இறங்கியது.

மூன்றையும் கட்டிலில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் இறுக்கமாக வாங்கவேண்டும் என்றாள். மகன் விலை உயர்ந்ததாக வாங்கவேண்டும் என்றான். கீழ்வீட்டு மலாய் அம்மா, இதெல்லாம் வேண்டாம், துணியைச் சுற்றிக் கட்டு என்றார். ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதுதான் சரி என்று தோன்றியது. அவர் போனதும் தோன்றவில்லை. பொங்கல் மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

பிறகு எனக்கே ஒரு யோசனை. கழுத்து இறங்குகிற ரவிக்கையை நாம் என்ன செய்கிறோம்? வேறு ரவிக்கையா வாங்குகிறோம்? தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்து வாங்கிக்கொள்கிறோம். இதுவும் துணிதானே.

விடியற்காலையில், கால் நன்றாக இளைப்பாறி இருக்கும்போது, கட்டிலில் காலை நீட்டியபடியே முட்டியைச் சுற்றி நூல் கட்டி அளவெடுத்தேன். மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு. யாரிடமும் சொல்லாமல், பட்டை வைத்த உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கைத்தடியை ஊன்றித் தேக்காவுக்குக் கிளம்பினேன். தனியாக. மகள் சொன்ன பரீட்சை அதுதானே? போய், சாமான் வாங்கி, வீட்டுக்கு வந்துவிட்டால் முடிந்தது. வந்த பிறகு ஃபோன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

என் ரவிக்கைகளை எத்தனையோ வருஷமாகத் தைக்கிற தையற்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார். சந்தைக்கு மேல்மாடியில் கடை. நான் உறையை எடுத்து மேசையில் வைத்ததும் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார்.

"இது என்னக்கா, யானைக்கு வளையலா?"

"முட்டிக்குப் போடறது. லூசா இருக்கு. ரெண்டு பக்கமும் பிடிச்சுக் குடுங்க."

"அக்கா, இது ரப்பர் மாதிரி இழுக்குது. ரவிக்கை இல்ல. கடைக்காரன்கிட்டயே மாத்திக்கலாமே?"

"மாத்தி மாத்தித்தான் வீட்ல மூணு கெடக்கு. நீங்க பிடிங்க."

"அளவு?"

நூலை எடுத்துக் கொடுத்தேன். அதை இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா முட்டி? ஒரு விரலாவது லூசு விடட்டுமா?"

"லூசு விட்டு விட்டுத்தானே இந்தக் கதி. நூல் அளவுக்கே தைங்க."

"சொல்லிட்டேன், அப்பறம் என்னைத் திட்டக்கூடாது. எதுக்கும் உள்ளே தையல் விட்டு வெக்கிறேன். பின்னாடி பிரிச்சுக்கலாம்."

அந்த மனிதர் ஊசி இரண்டு தரம் உடைந்தும் தைத்துக் கொடுத்தார். திரைக்குப் பின்னால் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினேன். பிடித்தது பார், அப்படிப் பிடித்தது. உதறிப் பார்த்தேன். இம்மியும் நகரவில்லை. படியிறங்கினேன். மீன் வாங்கினேன், முருங்கைக்காய் வாங்கினேன், சாமிக்கு ஒரு முழம் பூ வாங்கினேன். பூக்கடைப் பெண் என்னை, "என்னம்மா, கால் சரியாப் போச்சா?" என்று கேட்டாள். "எனக்கென்ன," என்றேன்.

இங்கே ஒவ்வொரு இரயில் தடத்துக்கும் ஒரு நிறம்; நான் மாறுவது அந்த நிறத்தைப் பார்த்து. ஊதாவில் ஏறி, சிராங்கூனில் இறங்கி ஆரஞ்சுக்கு மாறி, பீஷானில் சிவப்புக்கு மாறினால் ஈசூன். ஊதாவில் ஏறியதும் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் முட்டிக்குக் கீழே எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு எறும்பும் நின்றுவிட்டது. கீழே பார்த்தேன். செருப்புக்குள் பாதம் உப்பி, விரல்கள் என் விரல்கள் மாதிரியே இல்லை.

சேலையை முட்டிவரை தூக்கி அந்தப் பட்டையைப் பிரித்துவிட்டால் தீர்ந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எதிரே ஆம்பிளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அது நடக்கிற காரியமா?

சிராங்கூன் வந்தது. கம்பியைப் பிடித்து எழப் பார்த்தேன். இடது கால் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. "ஆன்ட்டி, ஓகே?" என்று இடம் கொடுத்த பெண் கேட்டாள். "ஓகே, ஓகே," என்றேன். அவள் இறங்கிப் போனாள். கதவு மூடிக்கொண்டது. மீன் பை மடியில், முருங்கைக்காய் கக்கத்தில், நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நிலையமாகப் போனது. அந்த ஊதா இரயில் எங்கே போகிறது என்று எனக்கு எழுத்துக் கூட்டாமலே தெரியும். பொங்கோலுக்குப் போகிறது.

அங்கே எப்படியோ கம்பியைப் பிடித்து, கைத்தடியை ஊன்றி இறங்கி, மேடையில் இருந்த இருக்கையில் விழுந்தேன். ஃபோனில் மகளின் படத்தைத் தொட்டேன்.

"எங்கம்மா இருக்கீங்க? வீட்ல ஃபோன் எடுக்கல."

"உங்க ஊர்லதான்."

"எந்த ஊரு?"

"நீ இருக்கிற ஊரு. ஸ்டேஷன்ல. கால் எந்திரிக்க மாட்டேங்குது."

மகளும் பேத்தியும் வந்து தள்ளுவண்டி நாற்காலியில் என்னைக் கூட்டிப்போனார்கள். பெயிண்டு அடித்த அந்த ரூமில் வைத்துத்தான் உறையைக் கழற்றினார்கள். முட்டியில் தையல் அச்சு, ரவிக்கை விளிம்பு மாதிரியே, சுற்றிச் சிவப்பாகப் பதிந்திருந்தது. மகள் அந்தத் தையலைப் பார்த்தாள். யார் தைத்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் கல்யாண ரவிக்கையும் அவர் தைத்ததுதான். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ என் பாதத்தைத் தலையணை மேல் தூக்கி வைத்துவிட்டு, மீனைக் கழுவப் போய்விட்டாள். அதைவிடத் திட்டியிருக்கலாம். நான் தோற்றுவிட்டேன்.

நல்லவேளையாக அதே வாரத்தில்தான் பயிற்சிக்காரரைப் பார்க்கும் தேதி. போனால், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பெண். என் கடைசிப் பிள்ளையை விட வயது குறைவு. மகள் மூன்று உறைகளையும் பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டினாள்.

"என்னங்கம்மா, கடையே வெச்சிருக்கீங்க," என்று சிரித்தாள் அந்தப் பெண். தைத்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இத யாரு இப்படி...?"

"எல்லாம் கீழ எறங்குது," என்றேன். "அதான்."

நூல் அளவைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். விடியற்காலையில் படுத்த கால் ஒரு அளவு, நின்று நடந்த கால் இன்னொரு அளவு. அடிபட்ட முட்டி பொழுது ஏற ஏறக் கொஞ்சம் உப்பும் என்றாள். உறைக்குள் இரண்டு விரல் போகவேண்டுமாம். இது ஒருவாறு புரிந்தது. ஆனால் இறங்குவது ஏன்? அவளுக்கும் புரியவில்லை. முதலில் வாங்கினதே சரியான அளவு என்கிறாள். அளவு சரியென்றால் ஏன் நிற்கவில்லை? அதை எடுத்து விரித்தாள். உள்பக்கத்தைத் தடவினாள். தடவிய விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"முட்டியில என்னம்மா தேய்க்கிறீங்க?"

"ஒண்ணும் தேய்க்கலையே."

"க்ரீம், லோஷன்?"

"அதெல்லாம் நம்ம வழக்கமில்ல."

"இதுல வாசம் வருதே."

"ஓ, அதுவா. அது தைலம்தானே."

மகள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"தினமும் தேய்ப்பீங்களா?"

"பல் தேய்க்கிற மாதிரிதான். காலைல எந்திரிச்சா தேய்ப்பேன். இதுல என்ன கேள்வி?"

"தேய்ச்சிட்டு அதுக்கு மேல இத மாட்டுவீங்க."

"பின்ன, முட்டி வலிக்குதே."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எங்க ஊர்ல திருவிழாவுக்கு வழுக்கு மரம் நடுவாங்கம்மா. எண்ணெயத் தடவி விட்டுட்டு ஏறச் சொல்லுவாங்க. அதுல எந்த மனுசன் நின்னிருக்கான்? நீங்க மூணு பேரை ஏத்திவிட்டிருக்கீங்க."

மகளால் அடக்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வாசலுக்கு வாசல் கேட்டேனே, ஒருவராவது தைலத்தைப் பற்றிக் கேட்டார்களா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் நானாக எப்படிச் சொல்வேன்? தலை வாரினேன், விளக்கேற்றினேன் என்று யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

ஈரத் துணியாலும் சோப்பாலும் என் முட்டியைத் துடைத்து, காயவிட்டு, முதல் உறையையே மாட்டிவிட்டாள். அதுவும் துவைத்து எண்ணெய் போனால் இன்னும் நன்றாக நிற்குமாம். நீண்ட தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னாள். நடந்தேன். திரும்பி நடந்தேன். நின்றது. கடையில் நின்ற மாதிரியே நின்றது. தைலத்தின் மேல் இறுக்கமாக எதையும் போடக்கூடாது, தோல் வெந்துவிடும் என்றாள். ராத்திரி உறையைக் கழற்றிய பிறகு தேய்த்துக்கொள்ளலாமாம், காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டுமாம்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், அவள் அடுத்ததாகச் சொன்னதுதான் என்னை மறுபடி குழப்பிவிட்டது. இந்த உறை முட்டியைக் குணமாக்காதாம். வெளியே நடக்கும்போது தெம்புக்கு மட்டும். வீட்டில் கழற்றிவிட வேண்டும், தூங்கும்போது கூடவே கூடாது, பிறகு போகப் போக வெளியேயும் விட்டுவிட வேண்டும். தொடைச் சதை வலுத்தால்தான் முட்டி நிற்குமாம். அதற்குத் துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து அழுத்த வேண்டும், நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழ வேண்டும். கழற்றுவதற்குத்தான் இத்தனை பாடா என்று கேட்டேன்.

"கழட்டுறதுக்குத்தாம்மா போடறது," என்றாள்.

அந்தப் பேச்சை இன்றுவரை யோசிக்கிறேன். ஒரு நாள் விளங்குகிற மாதிரி இருக்கிறது, மறுநாள் இல்லை.

கால் வீக்கம் வடியும்வரை பொங்கோலிலேயே இருந்தேன். துண்டை அழுத்தினேன், நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தேன். மகள் வேலை விட்டு வந்ததும், "எக்சர்சைஸ்?" என்று ஒரு வார்த்தை கேட்பாள். வேறு பேச்சு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒருநாள் பேத்திதான் கேட்டாள்:

"பாட்டி, அன்னிக்கு ட்ரெயின்ல நெஜமாவே எந்திரிக்க முடியலயா? இல்ல, இங்க வரணும்னு இருந்துச்சா?"

"கால் மரத்துப்போச்சு, எந்திரிக்க முடியல."

"அந்தப் பொண்ணு கேட்டாங்களே, ஓகேயான்னு. பிடிச்சுக்கோன்னு சொல்லியிருக்கலாமே."

துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்தேன். கால் மரத்துப்போனது உண்மை. ஆனால் கதவு மூடியபோது என் மனசு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தால், பயந்த மாதிரி நினைவில்லை. யாரோ என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. எது சரி என்று எனக்கே தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதானே சொல்ல முடியும்.

பொங்கலுக்கு முந்தின வாரம், முட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவிட்டு, முதல் உறையை மாட்டிக்கொண்டு, மகளிடம் சொல்லிவிட்டே கிளம்பினேன். அவள் வாசல்வரை வந்தாள். கூட வரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. தேக்காவில் மஞ்சள் கொத்தும் புதுப் பானையும் வாங்கினேன். மேல்மாடிக்குப் போய்த் தைத்த உறையைக் கொடுத்து, பிரிக்கச் சொன்னேன். தையற்காரர் அதை வாங்கும்போதே சிரித்தார்.

"உள்ளே தையல் விட்டது நல்லதாப் போச்சு பாத்தீங்களா?"

"உங்களைத் திட்ட வரல. பிரிங்க."

ஊதா. சிராங்கூனில் இறங்கினேன். ஆரஞ்சு. பீஷானில் இறங்கினேன். சிவப்பு. வீட்டுக் கதவைத் திறந்து, பானையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, உறை எங்கே என்று பார்த்தேன். முட்டியில்தான் இருந்தது. ஃபோன் அடித்தது.

"எங்கம்மா இருக்கீங்க?"

"என் ஊர்ல."

 "சரி. அந்த முக்காலியை நான் வந்து எடுத்துட்டுப் போறேன், அத மட்டும் கேட்காதீங்க," என்றாள். வேறு வாய் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண். நான் வளர்த்தது.

இப்போது உறை இல்லாமலே கோப்பிக்கடைவரை போகிறேன். பட்டை வைத்தது கீழ்வீட்டு மலாய் அம்மாவுக்குப் போய்விட்டது; அவருக்கு வலது முட்டி. இரும்பு வைத்ததை மகனிடம் திருப்பிக் கொடுத்தால் வருத்தப்படுவான் என்று அலமாரியில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொங்கோலுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறேன். யாரும் அழைக்கவில்லை, நானாகத்தான் போகிறேன். அந்த ரூமில் ஒரு தைலப் போத்தலும் வைத்தாயிற்று, ராத்திரிக்கு. நேற்று அங்கே அடுப்புப் பற்றவைத்தபோது திரும்பிப் பார்த்தேனா என்று யோசித்தேன். நினைவில்லை.

வேண்டியது கிடைத்துவிட்டது. பிறகு எதற்கு வெள்ளிக்கிழமை வந்தால் பையை எடுக்கிறேன்? இதையும் அந்தப் பயிற்சிக்காரப் பெண்ணிடம்தான் கேட்கவேண்டும் போலிருக்கிறது.

போதும், இவ்வளவுதான். கண்ணு, தட்டினது போதும், கையை எடு. இப்போது முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. அவசரப்படாதே. அந்த ஊதா இரயில் கதவு மூடுகிற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்திப் படி. அதை உன் அம்மா படிப்பாள். நான் சொன்னபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.